கேட்காமல் ஏறிய கூலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எங்களுக்கு மருந்து. போனில் ஏன் பிடிகொடுக்காமல் பேசுகிறாய் என்று கேட்டாயே, மறைக்க ஒன்றுமில்லையடி, எனக்கே தலையும் வாலும் பிடிபடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மூன்று வேன்களும் பார்சல் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓடுவது உனக்குத் தெரியும். போன வருஷ விடுமுறை சீசனில் பார்சல் மலையாகக் குவிந்தபோது, கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று கிளை மேனேஜரிடம் நடையாய் நடந்தேன், மேலிடத்தில் மனசு வைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். டிரைவர்கள் பாதியிலேயே வேறு கம்பெனிக்குப் போனதும், அப்பா ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் விழுந்ததும்தான் மிச்சம். இந்த வருஷம் நான் வாயே திறக்கவில்லை. அவராகவே வீடு தேடி வந்து, சீசன் முடியும்வரை பார்சலுக்கு ஒன்றரை மடங்கு கூலி என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பாய். டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன், ஒருத்தர் முகமும் மலரவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது, சீசன் முடிந்ததும் நம்மைக் கழற்றிவிடப் போகிறார்கள் என்றார் மீசைக்காரர். போன வருஷம் விட்டுப் போய்த் திரும்பி வந்த நெட்டை, வேன் கதவில் சாய்ந்துகொண்டு, “அக்கா, இப்ப குடுக்க முடியுதுன்னா, போன வருஷமும் முடிஞ்சிருக்கும்ல?” என்று கேட்டான்.

அதையே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன், அவரோ லேபிள் ஒட்டிக்கொண்டே, போன வருஷம் பாதிப் பெட்டி குடோனிலேயே கிடந்ததில் வாடிக்கைக்காரர்கள் எங்களை உரித்து எடுத்துவிட்டார்கள், உங்களுக்குக் கொடுப்பதே எங்களுக்கு லாபம் என்று சாதாரணமாகச் சொன்னார். சீசனுக்குப் பிறகு என்று இழுத்தேன். பழைய கூலிதான் என்றார். அதே தெரு, அதே மாடி, அதே கனம், மாதம் மாறினால் கூலி மட்டும் எப்படி மாறுகிறது என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் நம் சந்தையே தாண்டிப் போய்விட்டேன்.

ஏறியதில் கொஞ்சம் பிடித்து வேனுக்கு டயர் போடலாம் என்றார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை, ஏறியது முழுக்க ஓட்டுகிறவர்களுக்கே என்று சொல்லிவிட்டேன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே பழைய டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். இதுவரை ஒரு வேனும் நிற்கவில்லை, அது உண்மை. ஆனால் நான் செய்தது நியாயமா, கிறுக்குத்தனமா, நீதான் சொல்ல வேண்டும்.

நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது நெட்டைதான். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சிரிக்காமல், “அக்கா, இதுக்கும் ஒண்ணரை மடங்குதானே?” என்றான். ஆமாம் என்றேன். இந்த மாதம் நான் தயங்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

குறைவில்லாமல் நீண்ட நாள் இருங்கள். உன் வாசலுக்குப் பெட்டி கொண்டுவருகிறவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேள், அடுத்த முறை போன் செய்யும்போது மறக்காமல் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு.

ஆசிகளுடன்,
உன் குழம்பிப்போன அம்மா