கறுப்புப் பொட்டு வைத்த சிப்பு

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் தம்பி பிஸ்கட் டின்னில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பழைய கணினிப் பலகைக்கு நேற்று மின்சாரம் கொடுத்தேன். சூடேறிய தூசியின் வாடை வந்ததும் டத்தோ கிராமாட் சாலையில் உன் வீட்டு மாடியறைக்கே போய்விட்டேன். விசைப்பலகையில் கை போன போக்கில் எதையோ தட்டினேன். திரையில் ஆங்கில எழுத்தில் ‘என்னா?’ என்று கேட்டது. நீ கேட்பது மாதிரியே இருந்தது.

அந்தப் பலகைக்கென்று நாம் ஒரு ‘பேசிக்’ (BASIC) கணினி மொழியை உருவாக்கினோம். நாம் என்பது சும்மா பேச்சுக்கு. யோசித்தது நீ, தட்டியது நான். மொழி முழுவதும் நாலு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அத்தனை நெருக்கடியிலும் பிழைச் செய்திகளைத் தமிழில் வைத்தாய். புரியாவிட்டால் ‘என்னா?’, நினைவகம் நிரம்பிவிட்டால் ‘மன்னிக்கவும்’.

“மெஷினா இருந்தா என்னா, மரியாதையா பேசட்டும்லா,” என்றாய். வெளிச்சம் பட்டால் சிப்பில் நாம் எழுதிய மொழி அழிந்துவிடுமே என்று, அதன் மேலிருந்த சின்னக் கண்ணாடியை மூடி உன் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாய்.

நாம் சிப்பு சோதித்துக்கொண்டிருந்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், மேலாளரிடம் அதைக் காட்டினோம். அவருக்குப் பிடித்துப்போனால் கணினி அறையில் உனக்கு வேலை. அவரே உட்கார்ந்து நீளமாகத் தட்டினார். ‘மன்னிக்கவும்’ வந்தது. சுற்றி நின்ற பொறியாளர்கள் சிரித்தார்கள்.

“இது என்ன மொழி?” என்று என்னைக் கேட்டார்.

அந்தச் சிரிப்பில் கூனிக் குறுகிப்போய், “தெரியாது சார்,” என்றேன்.

“தமிழ் சார்,” என்றாய் நீ.

“உன் கூட்டாளியும் தமிழ்தானே? அவளுக்கே தெரியவில்லையே,” என்றபடி எழுந்து போய்விட்டார். அதோடு கணினி அறைப் பேச்சும் போயிற்று.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். “வீட்ல எந்த பாஷையில சோறு கேப்பே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் எடுத்திருக்கலாம். நீ அந்தச் சோதனை வரிசையிலேயே ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டிச் சாப்பிட்டோம், அன்றைக்கும் வாய் வரவில்லை.

நேற்று விடாமல் தட்டித் தட்டி நினைவகத்தை நிரப்பினேன். ‘மன்னிக்கவும்’ என்றது. பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருக்கிறது. உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லாத சொல்லை அதுதான் இத்தனை காலமும் வெளிச்சம் படாமல் காத்து வைத்திருக்கிறது.