குதித்து இறங்கும் பயிற்சி

மாத்தளை
12.03.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் உடனே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். றம்லா என் வீட்டில் சுகமாக இருக்கிறாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும் முன்பே எழுந்துவிடுகிறாள், இது உங்கள் மகள்தானா என்றே சந்தேகம். இந்த வருஷம் நான் பழக்கும் எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு அவள்தான் தலைவி. மாகாணப் போட்டியில் நன்றாக ஆடினால் தேசிய அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள்.

நீங்கள் வந்து பழக்கிய பயிற்சியை நோன்பு முடியும் வரை நிறுத்தியிருக்கிறேன். குதித்து இறங்குவதிலும் ஒற்றைக் காலில் நிற்பதிலும் கால் மணி நேரம் போனால், பிறகு பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கத் தெம்பில்லை.

தங்கச்சி அஸ்ரா

கண்டி
17.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அவளை நீ பார்த்துக்கொள்வது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பயிற்சியை அடியோடு நிறுத்தாதே, குறைத்துச் செய். பாய்ந்து பந்தைப் பிடித்து இறங்கும்போது பெண்பிள்ளைகளின் முழங்கால் உள்பக்கம் சாய்கிறது, சவ்வு கிழிகிறது. முழங்காலை மடக்கி, பாதத்துக்கு நேராக இறங்க உடம்பு தானாகவே பழக வேண்டும். ஆட்டத்தில் யோசிக்க நேரமிருக்காது. இப்படிக் கிழிந்து வரும் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி செய்வதுதானே என் வேலை. பெருநாள் முடிந்ததும் கட்டாயம் தொடங்கு.

ராத்தா ஸஹ்னா

மாத்தளை
24.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

இன்னும் தொடங்கவில்லை, கோபிக்காதீர்கள். போட்டி நெருங்கிவிட்டது, வளையத்துக்குள் பந்து போடப் பழகவே நேரம் போதவில்லை. நோன்பு மாதம் முழுக்க ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லையே! றம்லாதான், "உம்மா சொல்லித் தந்தத செய்யலாமா சாச்சி?" என்று நச்சரிக்கிறாள். போட்டி முடியட்டும் என்றேன். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக் கண்ணாலேயே பார்க்காதீர்கள்.

அஸ்ரா

கண்டி
29.05.2025

அஸ்ரா,

றம்லாவின் முழங்காலை ஸ்கேன் எடுத்தாயிற்று. சவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது. ஒப்பரேஷன் செய்தாலும் இந்த வருஷம் அவளால் ஆட முடியாது. தேசிய அணித் தேர்வு போனது போனதுதான்.

போட்டியில் அவள் விழுந்ததை வீடியோவில் பார்த்தேன். யாரும் அவளைத் தள்ளவில்லை, மோதவுமில்லை. பாய்ந்தாள், இறங்கினாள், முழங்கால் உள்ளே சாய்ந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளின் மகள்.

நீ ஆஸ்பத்திரி வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதாக நம் தம்பி அக்ரம் சொன்னான். அதுவும் நல்லதுதான், உள்ளே வந்திருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ. உன்மேல் உள்ள கோபம் இப்போதைக்கு ஆறாது. அவளுடைய உடுப்புகளை அக்ரமிடம் கொடுத்தனுப்பு, அவள் இனி அங்கே வரமாட்டாள். மற்றப் பிள்ளைகளுக்காவது நாளைக்கே பயிற்சியைத் தொடங்கு.

நேற்று றம்லா அழுதுகொண்டே கேட்டாள்: "நான் பந்த விட்டதாலதானே உம்மா தோத்தோம்? அந்தக் கோவத்துலதான் சாச்சி என்னப் பாக்க வரலியா?"

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

ஸஹ்னா