வாடாமலர்

மார்ச் 4

இன்று மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் எங்கள் பதிப்பகத்தின் வரலாற்றில் நிலைக்கப்போகும் முடிவொன்று எடுக்கப்பட்டது. கடவுளை இனி ‘வாருங்கள்’ என்றுதான் அழைக்க வேண்டும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது; அறையில் முதலாளி மட்டுமே பேசினார்.

நாங்கள் அச்சிடும் பக்திப் பாடல்களில் அவனை ‘வாடா’ என்று பாடியவள் போய்ச் சேர்ந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே ஆட்சேபம் வரவில்லை. புகுந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டே பாடியவள்:

வாடா, இந்தக் குடத்தைப் பிடி,
இடுப்பு விட்டுப்போகிறது.
வாடாமலர் நீ, உனக்கென்ன தெரியும்
வாடுகிறவள் வலி?

மாமியார், கணவன், கொழுந்தன் எல்லோரும் அவளுக்கு ‘ங்க’. ‘டா’ போட மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது அவனையும் பிடுங்கியாயிற்று. சுவடி சுவடியாக ஒப்பிட்டு இந்தப் பாடல்களைப் பதிப்பித்தவள் நான். என்னைக் கேட்கவில்லை.

மார்ச் 5

முதலாளியைக் கேட்கப் போனேன்.

“சாமியை ‘டா’ போடறதெல்லாம் பக்தியாம்மா?”

“அவளுக்கு அதான் சார் பக்தி.”

“மரியாதைன்னு ஒண்ணு வேணாமா?” அதே மூச்சில் வாசல் பக்கம் திரும்பினார். மனைவி சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். “ஏய் மலரு, இவ்ளோ நேரமாடி? வெச்சுட்டுக் கெளம்பு.”

மார்ச் 6

எல்லாச் சுவடியையும் மறுபடி பார்த்தேன்; எல்லாவற்றிலும் ‘வாடா’தான். வேறு செய்தி இல்லை.

மார்ச் 9

பக்கம் அமைப்பவர் கணினியில் ஒரே தட்டில் எல்லா ‘வாடா’வையும் ‘வாருங்கள்’ ஆக்கிவிட்டார். வாருங்கள் என்று வணங்கிய கையோடு ‘குடத்தைப் பிடி’ என்று அதட்டுகிறாள். அது போகட்டும். வாடாத மலர் ‘வாருங்கள்மலர்’ ஆகியிருக்கிறது!

அச்சுப்படியோடு ஓடினேன்.

“சார், ஒரே ஒரு எடத்துல மட்டும்—”

“மறுபடியும் அந்த ‘டா’வா? எல்லா எடத்துலயும் மாத்தியாச்சு. இனிமே ஒரு எழுத்து தொட்டே, வேற வேலை பாத்துக்கோ.”

“எல்லா எடத்துலயுமா சார்?”

“எல்லா எடத்துலயும்!”

அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அத்தனை வருஷ உழைப்பு — என்னடா இது அநியாயம்? யாரைக் கேட்கிறேன்? அவளுக்காவது கேட்க ஒருத்தன் இருந்தான்.

மார்ச் 20

வெளியீட்டு விழா. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதலாளி தாமே பாட்டை வாசித்தார். முதல் ‘வாருங்கள்’ வந்ததும் கைகூப்பினார். மூன்றாம் அடிக்கு வந்து, “வாருங்கள் மலர்” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

முன்வரிசையில் அவர் மனைவி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மேடைக்குப் போனார். இன்னொரு நாற்காலி போட்டார்கள்.