மூன்று விரலுக்கு வெட்டிய பிடி

என் வாயாடி அண்ணா,

உன் துப்பாக்கியின் பிடியை நேற்று விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "இன்னா ஆச்சு, சீக்கிரம் சொல்லு" என்று நடுவில் புகுந்து என்னைப் பேசவே விடமாட்டாய். நீ போனதிலிருந்து என் பேச்சில் குறுக்கே வர ஆளில்லை. அது எவ்வளவு கொடுமை என்று உனக்குத் தெரியுமா?

இது நாலு பேர் படிக்கப் போகிற கடிதம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ ஓட்டிய, இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி மரக்கட்டையைச் செருகி வைத்தார்கள். நீ சொல்லிப் பார்த்தாய். "மத்தவனெல்லாம் ஓட்டலையா?" என்றார் மேனேஜர். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் போயின. நீ அஜாக்கிரதையாகக் கையை விட்டாய் என்று எழுதிவிட்டார்கள். இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் நல அலுவலகத்தில் வழக்குப் போட்டோம்.

கை ஆறியதும் நீ முதலில் கேட்டது சோறு பிசைய முடியுமா என்று இல்லை. துப்பாக்கி பிடிக்க முடியுமா என்றுதான். ஆவடியில் கிளப்புக்குப் போய்ச் சுடும் பழக்கம் உனக்கு. காற்றழுத்தத்தில் ஓடும் விளையாட்டுத் துப்பாக்கி அது, காகிதத்தில் ஓட்டை போடுவதற்கு. அண்ணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனால் நீ பட்டாபிராம் வீட்டில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், "அதையாவது எடுத்துக் கையில வச்சுக்கோயேன்" என்று கெஞ்சியவரும் அவர்தான்.

வைத்துப் பார்த்தாய். பிடியின் கீழ்ப்பாகம் அறுபட்ட விரல் நுனிகளில் இடித்தது. வலியில் உனக்கு உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் பல்செட் செய்கிறவள். எங்கள் லேபுக்கு ஆள் வருவதில்லை, டாக்டரிடமிருந்து வாயின் அச்சு மட்டும்தான் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, அந்தப் பிளாஸ்டர் ஈறை வைத்தே பல் கட்டிவிடுவோம். வாய்க்குச் செய்வதைக் கைக்குச் செய்ய முடியாதா என்று ஒரு திமிர் எனக்கு. பல் அளவெடுக்கும் மாவைக் குழைத்து, பிடிக்கிற மாதிரி வளைத்த உன் கையை அதில் அழுத்தி, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி உன் கையை வார்த்தேன். "ஜில்லுன்னு கீதும்மா" என்று குழந்தை மாதிரி நெளிந்தாய்.

கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுத் துணி துவைக்கிற இடம்தான் பட்டறை. பிடி கெட்டியான பிளாஸ்டிக். பல்லைத் தேய்க்கும் மோட்டாரை வேகமாக ஓட்டினால் சூடேறி, தூள் உதிராமல் இளகிப்போய் முனையில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் தேய்ப்பேன், ஆற விடுவேன், மறுபடி தேய்ப்பேன். கருகின நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். அடிப்பாகத்தை வெட்டிக் குட்டையாக்கினேன். மீதி இடத்தில் பல்செட்டுக்குப் போடும் அக்ரிலிக்கை அப்பி, உன் பிளாஸ்டர் கைக்குப் பொருந்தும்படி இழைத்தேன். மோதிர விரலின் மொட்டைக்கு முன்பக்கம் ஒரு பள்ளம். சுண்டு விரலுக்கு அடியில் ஒன்று.

கறுப்புப் பிடியில் ஈறு நிறத்தில் ரோஸ். அதைப் பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "துப்பாக்கிக்கே பல்செட்டு கட்டிக்கினு கீறியே, இது சுடுமா, கடிக்குமா?" என்றாய். அண்ணி அடுப்படியில் இருந்து சிரித்தார். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

பல்செட் போட்டதும் டாக்டர் கடித்துப் பார்க்கக் கொடுப்பாரே, மை தடவிய அந்த நீலத் தாளை உன் கைக்கும் பிடிக்கும் நடுவில் வைத்து அழுத்தச் சொன்னேன். நீலம் ஒட்டிய இடம் உறுத்துகிற இடம். அங்கே தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே வேலை. உள்ளங்கையெல்லாம் நீலமாகவே திரிந்தாய். ஒரு ஞாயிறு எங்கேயும் நீலம் ஒட்டவில்லை. நீ கையை நீட்டிக் குறி பார்த்தாய்.

அன்று மாலை நான் செய்ததை நினைத்து இப்போது என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன். பல்செட் பொருந்திவிட்டால் பிளாஸ்டர் மாடலை உடைத்துக் குப்பையில் போடுவது எங்கள் லேப் பழக்கம். வைத்துக்கொள்ள இடம் ஏது? அந்தக் கை வேகத்தில் உன் பிளாஸ்டர் கையையும் சுத்தியால் தட்டி உடைத்து வாளியில் போட்டுவிட்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அன்றைக்கு எனக்கு அது ஒரு மாடல், அவ்வளவுதான். உயிரோடு நீ முன்னால் நிற்கும்போது பிளாஸ்டர் கை எதற்கு?

அப்புறம் மாவட்டப் போட்டிக்குப் போனாய். அண்ணி பெருமை தாங்காமல் உன் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். வலப்பக்கமிருந்து எடுத்த படம். விரல் குறைந்திருப்பதே அதில் தெரியாது. அது எப்படியோ மேனேஜர் வரைக்கும் போய், அடுத்த விசாரணையில் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வந்தார்கள். துப்பாக்கி பிடித்துக் குறி தவறாமல் சுடுகிற கைக்கு வேலை செய்ய மட்டும் முடியாதா என்று கேட்டார் அவர்கள் வக்கீல். அன்று வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினாய். அந்த வக்கீலின் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே ஒரு காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. இப்போது ஆளே இல்லை, வழக்கு எதற்கு என்கிறார்கள். அண்ணி விடவில்லை. "எங்க வூட்டுக்காரரு மேல தப்புன்னு எழுதி வச்சதை அழிச்சாத்தான் ஆச்சு" என்கிறார்.

எங்கள் வக்கீலம்மா பிடியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். நேற்று போனோம். அதிகாரி என்னை விசாரித்தார். நீ நல்லபடியாகச் சுட்டது உண்மையா என்றார். உண்மை என்றேன். அப்படியானால் கை சரியாகிவிட்டதா என்றார். சர்ரென்று கோபம் ஏறியது, ஆனால் கத்தவில்லை.

"கை சரியாகலை சார். துப்பாக்கியைத்தான் அந்தக் கைக்கு ஏத்த மாதிரி வெட்டினேன்."

அதிகாரி பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேனேஜர் பக்கம் நகர்த்தி, பிடித்துப் பாருங்கள் என்றார். மேனேஜர் பிடித்தார். மோதிர விரல் பள்ளத்தில் அடங்காமல் மேலே ஏறி நின்றது. சுண்டு விரலுக்கு இடமே இல்லை, காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. கையை மாற்றி மாற்றி வைத்தார். மடக்கியும் பார்த்தார். பிடி நழுவி மேஜையில் விழுந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதே. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வழக்கு முடியும்வரை பிடி அலுவலகத்திலேயே இருக்க வேண்டும், சாட்சிப் பொருள் என்றார்கள். முடிய எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். அடுத்த வாய்தா தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

எழுத்தர் அதை வாங்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன். அண்ணி எப்போதோ அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். உன் மொட்டை விரல்கள் உட்கார்ந்த பள்ளங்களில் தன் விரல்களை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். எழுத்தர், "குடும்மா" என்றார். அண்ணி நிமிரவில்லை. மறுபடி கேட்டார்.

"அவரு கையைப் புடிச்சிகினு கீறேன். கொஞ்சம் இருய்யா" என்றார் அண்ணி.

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட ஒதுங்கி வழிவிட்டவர் அவர், அண்ணா. நேற்று விடமாட்டேன் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

வழக்கு எந்தப் பக்கம் போனாலும் சரி, எத்தனை நாள் நடந்தாலும் சரி, அதை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வருவேன். துடைக்க மாட்டேன், மெருகேற்ற மாட்டேன். நேற்று நான் பிரித்த அண்ணியின் அதே விரல்களுக்குள் திருப்பி வைப்பேன். இது சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த தங்கச்சி,
தேவி