குமிழ்களில் வைத்த பொட்டு

அன்புத் தம்பி ரவி,

நீ இப்போது எங்கோ இருந்து கேட்கிறாய் என்றெல்லாம் நான் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். இருந்தும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் உன் பேஸ் கிட்டாரை வாசித்தேன்.

உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் செல்வத்தின் மகளுக்குத்தான் கல்யாணம். நீ எங்களை விட்டுப் போனபின் கீபோர்டுக்காரரின் இடது கைதான் உன் வேலையைப் பார்த்தது. "என் மக கல்யாணத்துல ரவி சவுண்ட் வேணும் லா. அவகிட்ட சொல்லிட்டேன்" என்று செல்வம் வந்து நின்றார். பல்கலைக்கழக நாள்களில் நான் வாங்கி, நீ எடுத்துக்கொண்ட கிட்டார். எப்படி மறுப்பது?

கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒலியைத் திருத்த நீ வைக்கும் ப்ரீஆம்ப் பெட்டியை அவர் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதன் நான்கு குமிழ்களிலும் சந்தனம், குங்குமம். நான்கு பொட்டும் நேர் மேலே பார்த்தன.

"கை வைக்காதீங்கக்கா. ரவி மார்க் பண்ணி வச்ச செட்டிங்."

அது கடந்த ஆயுத பூஜைக்கு என் வீட்டில் நீ வைத்த பொட்டு. "நேரா இருந்தாதான் முகம் மாதிரி இருக்கு" என்று நீயே குமிழ்களைத் திருப்பி வரிசையாக்கினாய். அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? குமிழ்களைத் தொடாமலே வயரைச் செருகினேன்.

மண்டபத்து மேடை, உள்ளே காலியான பலகை மேடை. ஒத்திகையில் முதல் சுரத்துக்கே அது உறுமியது. எந்தச் சுரம் என்றே தெரியவில்லை. "அக்கா, இது பாட்டா, வெளிய லோரி நிக்குதா?" என்றாள் பாடகி லெட்சுமி. செல்வம் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். "ரவி வாசிச்சா இப்படி இருக்காது" என்று மெதுவாகச் சொன்னார். என் விரல்களைத்தான் பார்த்தார்.

"ரவி எல்லா மண்டபத்துலயும் கடைசி மேசை வரைக்கும் நடந்து போய்க் கேப்பானே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

இருந்தது. "சரிக்கா, திருப்பிப் பாருங்க" என்று கிட்டாரை வாங்கித் தடித்த கம்பியை அவரே மீட்டினார். நான் பின்னால் போய்க் கேட்டேன், திரும்பி வந்து குமிழைத் திருப்பி அடிக்குரலைக் குறைத்தேன், மீண்டும் போனேன். நடுக்குரலைக் கூட்டினேன். மேடையில் நின்று கேட்டால் மூக்கடைத்தவன் பேசுவது போலிருந்தது. பிரியாணி வைத்திருந்த கடைசி மேசையிலோ ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. கடைசி மேசையில் தெளிவாகக் கேட்கும் ஒலி பக்கத்தில் நின்று கேட்க அழகாக இருக்காது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. சோதித்துப் பார்த்தபின் நம்புகிறேன்.

பொட்டுகள் நாலா பக்கமும் பார்த்தன. லெட்சுமி ஒரு சரணம் பாட, நான் வாசிக்க, செல்வம் கடைசி மேசையருகே நின்று கேட்டார். திரும்பி வந்து, "இப்ப ரவி" என்றார். போய் டிரம்ஸில் உட்கார்ந்தார்.

நாங்கள் வாசிக்க, மணப்பெண் உள்ளே வந்தாள். மேடைப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். முழுக்க உன் ஒலிதானா? என் விரல் உன் விரல் இல்லையே. ஆனாலும் செல்வம் சொன்னதை நான் மறுக்கவில்லை. இதைப் படித்தால் செல்வத்துக்குப் பொட்டின் கதை தெரிந்துவிடும். சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் ரவாங்கில் ஒரு விருந்து. குழுவோடு வாசிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். ஆயுத பூஜைக்குப் பெட்டி என் வீட்டுக்கு வரும். பொட்டை மூடியின் மேல் ஒன்றே ஒன்றாக வைப்பேன். குமிழ்களில் வைக்க மாட்டேன், ரவி.

கொடுத்த கிட்டாரை ஒருநாளும் திருப்பிக் கேட்காத உன் அக்கா,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து.