தெரியாதவர்களின் கை

டொயாமா,
பிப்ரவரி 16

அன்புள்ள டெலியா அக்காவுக்கு,

ரெமி எழுதுவது. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். நம் வீட்டில் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் சாப்பிட்டேன் என்று சொல்வதைக்கூடத் தெருவே கேட்கிறது. இது தெரு கேட்க வேண்டிய சங்கதி இல்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பனி ஜன்னல் வரை ஏறி நிற்கிறது. போன மாதம் ஒரு நாள் விடுப்பு எடுத்து, ரயிலில் நாகனோ போய், குரங்குகள் வெந்நீர் ஊற்றில் குளிப்பதைப் பார்த்துவந்தேன். இங்கே எங்கே போனாலும் ஆசிரியர் அறைக்கு ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வர வேண்டும். தனித்தனி உறையில், தலைக்கு ஒன்று. குரங்கைப் பார்த்த நேரத்தைவிடப் பெட்டி தேடிய நேரம் அதிகம். மேசை மேசையாக வைத்தபோது எல்லாரும் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். குரங்கைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இனி விஷயம். இந்த மாதம் ஐந்தாம் தேதி எங்கள் பள்ளியில் பார்வை வகுப்பு. கல்வி அலுவலகத்தாரும் மற்றப் பள்ளி ஆசிரியர்களுமாகப் பன்னிரண்டு பேர், கையில் அட்டையும் பென்சிலுமாகப் பின்சுவரோரம் நின்று பார்ப்பார்கள். நான்காம் வகுப்பு. வகுப்பாசிரியர் குவபாரா, ஆங்கிலப் பாடத்துக்கு நான் அவருக்குத் துணை. அந்த ஒரு பாடத்தை மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகள் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது. குவபாரா அவர்களிடம் சொன்னார்: "கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. சும்மா உக்காந்திருக்கிற ஆளே இருக்கக் கூடாது." வலது கைகளை மட்டும் கூப்பிடுவார். வந்தவர்கள் வகுப்பு நிறையக் கைகளைப் பார்த்து மகிழ்ந்து போவார்கள். தனக்கு இருபது வருட அனுபவம் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். இருபது வருடத்தில் கற்றது இதுதான் போல.

ஒத்திகைகளில் நான் ஓரமாக நின்றேன். அன்று காலை திடீரென்று, "கூப்பிடறது நீங்க. வெளிநாட்டு டீச்சர் சுறுசுறுப்பா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்" என்றுவிட்டார். பத்துப் பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்த்து நின்று, என் வலப்பக்கமாக எழுந்த கைகளைக் கூப்பிட்டேன். எதிரே நிற்கிறவளுக்கு வலப்பக்கம் தெரிவது அவர்களுடைய இடது கை என்று அப்போது தோன்றவில்லை. முதல் பிள்ளை எழுந்து கூரையைப் பார்த்தது. இரண்டாவது குவபாராவைப் பார்த்தது. அவர் கழுத்து சிவந்தது. மூன்றாவது எழுந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா, இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. புரிந்த பிறகும் நான்காவதாக ஓர் இடது கையைத்தான் கூப்பிட்டேன். சயோ என்ற பெண். பத்து மாதமாக யாரும் கூப்பிடாதவள். எழுந்து, மெதுவாகத்தான், ஆனால் பின்சுவர் வரை கேட்கும்படி சொன்னாள்: "டீச்சர், தப்பாக் கூப்பிடுறீங்க. இது தெரியாதவங்க கை."

பென்சில்கள் நின்றன. நான் அவளருகே போய், எனக்குப் பேரிக்காய் பிடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் தடவை தானாகவே சொன்னாள். உடனே மற்ற இடது கைகள் இன்னும் உயரமாக எழுந்தன. இங்கே வந்து நான் உண்மையாகப் பாடம் நடத்தியது அந்த நான்கு நிமிடம்தான்.

வந்தவர்களிடம், சயோ கற்பனையாகப் பேசுகிற பெண் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, விளையாட்டாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். இவர்கள் திட்டுவதில்லை; திட்டினால் நாம் பதில் சொல்லிவிடுவோமே. துணைத் தலைமையாசிரியர் இசோபே அச்சடித்த தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பிலிப்பைன்ஸ்காரங்க, எங்க பாஷை புரியாமப் போறது சகஜந்தான். புரியாம நடந்த குழப்பம்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஏப்ரல்ல ஒப்பந்தம் வேற புதுப்பிக்கணும் பாருங்க" என்றார். ஜப்பானிய மொழித் தேர்வில் நான் தேறிய சான்றிதழைக் கோப்பில் வைத்தவரே அவர்தான். போடாவிட்டால் வேலை போகும். போட்டால் அப்படி ஒரு கை ஏற்பாடே இல்லை என்றாகும், சயோ பொய்க்காரி.

எட்டு நாள் அந்தத் தாளை வைத்திருந்தேன். போட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். குவபாராவைச் சொல்கிறேனே, மூன்று ஒத்திகையிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள்தானே நானும். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஏதோ கேட்டேன். சயோ எந்தக் கையையும் தூக்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அச்சடித்த வரிகளை அடித்துவிட்டு, எனக்கு எல்லாம் புரிந்தது, சயோ சொன்னது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இசோபே நிதானமாகப் படித்தார். தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி, இல்ல?" என்றார். நேற்று என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சியிலிருந்து தகவல் வந்துவிட்டது, ஏப்ரலில் எனக்கு இடமில்லையாம்.

மார்ச் இருபத்தெட்டு வருகிறேன். வேறு வேலை தேடிக்கொள்வேன். அதற்காக நீ கவலைப்படாதே. உன் முட்டிவலிக்கு இங்கத்திய ஒட்டுப்பட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, எழுதக் கை வராமல் இவ்வளவு நேரம் தள்ளிவந்தேன். நான் ஆசிரியர் தேர்வில் தேறியபோது மாதா கோயில் முனையில் அப்பா கட்டிய பேனர். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி வைத்து, புயல் போனதும் துடைத்து மறுபடி கட்டுகிறாராமே. நான் இங்கே வந்ததும், என் படத்துக்குக் கீழே பெயின்ட்டில் 'ஜப்பான்' என்று தன் கையாலேயே சேர்த்தாராம். நாலாவதோடு நின்றவர், அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பகல் பிடித்தது என்று நீதான் சொன்னாய். நடந்ததை நான் வருமுன் அவரிடம் நீயே சொல்லிவிடு, அக்கா. சொன்ன பிறகு அந்தப் பேனரைக் கழற்றிவிடு. தானே கழற்றுகிறேன் என்று அவர் ஏணியை எடுத்தாலும் விடாதே. நீ கழற்று.

உன் அன்புத் தங்கை,
ரெமி