கரி நிலையத்தில் வேலை பார்த்த நண்பருக்கு

இன்று காலை எங்கள் வீட்டு ஸ்டோர் அறையின் அலமாரியை ஒதுக்கினோம். கூரையில் சோலார் தகடுகள் ஏறிவிட்டன. இன்வெர்ட்டரை மாட்ட அந்தச் சுவர்தான் தோது என்றாள் உங்கள் மகள். ஆமாம், சோலார் மாட்டுவதுதான் இப்போது அவள் தொழில்; இங்கும் வேலையை முன்னின்று பார்ப்பது அவள்தான். பழைய பால் மாவு டின் ஒன்றைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"சார், இது அப்பா குடுத்ததுதானே?"

உள்ளே ஒரு கரித்துண்டு. முகர்ந்தேன். மழை நனைத்த தார்ச்சாலையின் வாசம்.

கடலோர மின் நிலையத்தில் காலை ஷிப்ட் முடிந்தால், மாலை நாலரைக்கு உங்கள் மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டு கேட்டில் நிற்கும். எங்கள் ஊர் கூலாய்க்கு வரும் வழியெல்லாம் காற்றடித்தும் காது மடலில் கரி ஒட்டியிருக்கும். இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டுதான் உங்கள் பொறுப்பு. "மழை பேஞ்சா கரியும் உங்க ஸ்கூல் பிள்ளைங்க மாதிரிதான் சார், தள்ளினாத்தான் நகரும்" என்பீர்கள். பாடத்துக்குக் காட்ட ஒரு துண்டு வேண்டும் என்றேன். மறுநாளே கழுவித் துடைத்து, நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள்.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிழையைச் செய்தேன்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற பாடம். கரியின் புகை காற்றை எப்படிக் கெடுக்கிறது என்று விளக்கினேன். எனக்குத்தான் எதற்கும் உதாரணம் வேண்டுமே. "தூரத்துல தேட வேணாம். நம்ம வகுப்புலயே ஒருத்தரோட அப்பா தினமும் கரி எரிக்கிறாரு" என்று சொல்லிவிட்டேன். நாற்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. உங்கள் மகள் மேசையில் கவிழ்ந்துகொண்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சில நாள் உங்கள் மோட்டார் நிற்காமல் போனது. அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஒரு மாலை வந்தீர்கள். உட்காரவில்லை.

"மக ஸ்கூலுக்குப் போமாட்டேங்குது சார். பிள்ளைங்க புகைன்னு கூப்பிடுதுங்களாம்."

மேலே சுற்றிய காத்தாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"உங்க வீட்டுல காத்தாடி எத்தனை சார்?"

"மூணு."

"ஐஸ்பெட்டி, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் இருக்குல்ல? கரி எங்க போகுதுன்னு சொன்னீங்க, சரி. யாருக்காகப் போகுதுன்னும் சொல்லியிருக்கலாம்லா."

குரல் உயரவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் அவளைக் கூட்டிவரச் சொன்னேன். வகுப்பில் என் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் பொருள்களையெல்லாம் முதலில் கரும்பலகையில் எழுதினேன். பிறகு பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பொருள்களைச் சொல்லச் சொல்ல பலகையில் இடம் போதவில்லை. "அன்னைக்குப் பாதிப் பாடம்தான் சொன்னேன், தப்பு என்னோடது" என்று அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலை உங்களிடமும் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க சார், தேத்தண்ணி கலக்குங்க" என்று பேச்சை வெட்டிவிட்டீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

கரி நிலையங்களை ஒவ்வொன்றாக மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். வருத்தமா என்று கேட்டேன்.

"மூடட்டும் சார். நல்லதுதான். பெல்ட்டுப் பக்கம் நின்னு இருமினவனுக்குத் தெரியாதா? ஆனா நாங்க செஞ்சதே கெட்ட வேலைன்னு மட்டும் ஆக்கிடாதீங்க."

நீங்கள் கண்மூடுவதற்கு முன் நாம் கடைசியாக நிதானமாகப் பேசியது அதுதான்.

மதியம் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பாப்பா ஸ்கூல்ல குடும்பத்தப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. தாத்தா என்ன வேலை பார்த்தாருன்னு கேக்குறா. கரின்னு சொல்ல வாய் வரல சார். இப்ப நான் பாக்குற வேலைக்கு அது..." பள்ளிக்கூடத்தில் கவிழ்ந்த அதே முகம். இருபது வருடமாகியும் நான் சொன்னது அவளுக்குள் இருக்கிறது.

"கரின்னே சொல்லும்மா. புகை வந்துச்சுன்னும் சொல்லு. நாங்க எல்லாரும் ஸ்விட்சு போட்டோம், அதனால உங்க தாத்தா கரி அனுப்புனாரு. அந்தப் புகையில சார் வீட்டுப் பங்கும் இருக்குன்னு எழுதச் சொல்லு."

"சார் பேரையும் எழுதலாமா?" என்று கேட்டாள்.

எழுதச் சொல்லியிருக்கிறேன்.